பிரிட்டனி ஹோவர்டின் ‘ஜேமி’: விமர்சகர்கள் வாழ்க்கையைப் படித்தார்கள், இசையைக் கேட்டார்களா?

(இணைய மன்ற இழை. ஒவ்வொரு பதிவின் மேலும் இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

நள்ளிரவு வானொலி

அமெரிக்கப் பாடகி பிரிட்டனி ஹோவர்டின் ‘ஜேமி’ ஆல்பத்தை இந்த வாரம் மறுபடியும் முழுதாகக் கேட்டேன். கேட்ட கையோடு, 2019 செப்டம்பரில் அது வெளிவந்தபோது எழுதப்பட்ட விமர்சனங்களையும் தேடியெடுத்துப் படித்தேன். திரும்பிய பக்கமெல்லாம் பாராட்டு. ஆண்டிறுதிப் பட்டியல்களிலும் உயர்ந்த இடங்கள். ஆனாலும் படித்து முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹோவர்டு அலபாமா மாநிலத்தின் ஏதென்ஸ் என்ற சிற்றூர்க்காரர். தபால் பட்டுவாடா செய்துகொண்டிருந்தவர். அவர் பாடிய அலபாமா ஷேக்ஸ் குழு 2012இல் ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ என்ற முதல் ஆல்பத்தோடு வந்தது. 2015இல் வந்த ‘சவுண்ட் அண்ட் கலர்’ அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அமெரிக்க இசைத் துறையின் கிராமி விருதுகளையும் அள்ளியது. மூன்றாவது ஆல்பத்துக்கு எல்லோரும் காத்திருந்த நேரத்தில் குழுவை நிறுத்திவிட்டுத் தனியாகக் கிளம்பினார். அப்படி வந்ததுதான் ‘ஜேமி’. பதினொரு பாடல்கள், மொத்தம் சுமார் 35 நிமிடம்.

ஜேமி அவருடைய அக்கா. பியானோ வாசிக்கவும் கவிதை எழுதவும் தங்கைக்குச் சொல்லிக்கொடுத்தவர். பதின்மூன்று வயதில் விழித்திரைப் புற்றுநோயால் இறந்துபோனார். அதே நோய் தங்கையையும் தாக்கியது. உயிர் தப்பினாலும் ஒரு கண்ணில் பார்வை குறைந்தது. இது கனமான கதை. ஆனால் ஆல்பத்தை அறிவித்தபோதே ஹோவர்டு தெளிவாகச் சொல்லிவிட்டார்: பெயர் அக்காவுக்குச் செலுத்தும் நன்றி, ஆல்பம் என்னைப் பற்றியது. இவ்வளவு சொல்லியும் பெரும்பாலான விமர்சனங்கள் அக்காவின் மரணத்தில் தொடங்கி, குடும்பம் சந்தித்த இனவெறியில் நடந்து, கடைசிப் பத்தியில் பிரின்ஸ், நினா சிமோன் என்று இரண்டு முன்னோடிப் பாடகர்களின் பெயர்களை உதிர்த்துவிட்டு விடைபெறுகின்றன. இந்த ஆல்பத்தைத் தயாரித்தவரே ஹோவர்டுதான். அதைப் பற்றி ஒரு வாக்கியம், அதுவும் போகிற போக்கில். ஒலியை அவர் எப்படி அடுக்கியிருக்கிறார், எதை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருக்கிறார் என்பதைப் பற்றி யாராவது நான்கு வரி எழுதியிருக்கக் கூடாதா?

ஒரு பெண் தன் வாழ்க்கையைப் பாடினால் விமர்சகர்கள் வாழ்க்கையைப் பற்றி எழுதுகிறார்கள். ஓர் ஆண் அதே வேலையைச் செய்தால் அவருடைய ஸ்டுடியோவைப் பற்றி எழுதுகிறார்கள். இது எனக்குப் பொறுக்கவில்லை.

நெய்தல்

வானொலி அண்ணா, உங்கள் கோபம் புரிகிறது. முழுதாக ஏற்க முடியவில்லை. ஆல்பத்துக்கு அக்காவின் பெயரை வைத்தவர் அவர். ‘கோட் ஹெட்’ பாட்டில் தன் பெற்றோரைப் பற்றிப் பாடுபவரும் அவர். அம்மா வெள்ளையர், அப்பா கறுப்பர்; அப்பாவின் காரின் டயர்களைக் கிழித்து, வெட்டிய ஆட்டுத் தலையைப் பின் இருக்கையில் போட்டுவிட்டுப் போனார்கள். இதைப் பாட்டிலேயே வைத்துவிட்ட பிறகு, விமர்சகர் அதைத் தாண்டிக் குதித்து டிரம்ஸ் சத்தத்தைப் பற்றி எழுத வேண்டுமா? அப்படி எழுதியிருந்தால் நீங்களே இங்கு வந்து, அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்ததை மழுப்பிவிட்டார்கள் என்று இதைவிட நீளமாக எழுதியிருப்பீர்கள்.

தாளக்கட்டு

நான் டிரம்ஸ் வாசிக்கிறவன். ஆகவே டிரம்ஸ் சத்தத்தைப் பற்றியே எழுதப்போகிறேன், நெய்தல் மன்னிக்க வேண்டும்.

இந்த ஆல்பத்தில் வாசித்தவர்களைப் பாருங்கள். டிரம்ஸில் நேட் ஸ்மித், கீபோர்டில் ராபர்ட் கிளாஸ்பர். இருவரும் ஜாஸ் உலகத்தில் பெரிய கைகள். பேஸ் வாசிப்பவர் ஜாக் காக்ரெல். ஷேக்ஸ் குழுவிலிருந்து ஹோவர்டு தன்னோடு அழைத்துவந்த தோழர். ஒலிப்பதிவு ஷான் எவரெட். ‘சவுண்ட் அண்ட் கலர்’ ஒலிப்பதிவிலும் பங்கெடுத்தவர். இப்படிப்பட்ட வாத்தியக்காரர்களை வைத்துக்கொண்டு வேறொருவர் என்ன செய்திருப்பார்? ஆளுக்கொரு இடம் கொடுத்து வித்தை காட்ட விட்டிருப்பார். ஹோவர்டு அவர்களைக் கட்டிப்போட்டிருக்கிறார்.

முதல் பாட்டான ‘ஹிஸ்டரி ரிப்பீட்ஸ்’ஐ நல்ல ஹெட்போனில் கேளுங்கள். டிரம்ஸ் ஈரமே இல்லாமல் ஒலிக்கிறது. அறையின் எதிரொலி கிட்டத்தட்ட இல்லை. காதுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கிறது. கிட்டார் துண்டு துண்டாக வெட்டி வெட்டி வருகிறது. அதன் மேல் ஹோவர்டின் குரல், அவருடைய குரல்களே பலவாக அடுக்கப்பட்டு. வாத்தியங்கள் குறுகிய இடத்தில் நெருக்கியடிக்க, குரல் மட்டும் பரந்து நிற்கிறது. வரலாறு திரும்பத் திரும்ப வருகிறது, நம்மை நாமே தோற்கடித்துக்கொள்கிறோம் என்று பாடும்போது தாளமும் நகராமல் அதே இடத்தில் சுற்றுகிறது. சொல்லும் பொருளை டிரம்ஸும் சொல்கிறது. விமர்சனத்தில் வந்திருக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.

‘பேபி’ பாட்டில் ஸ்மித் அடியை ஒரு மயிரிழை தாமதப்படுத்தி இழுக்கிறார். பாட்டு தடுக்கி விழப்போவது போலத் தோன்றும், ஆனால் விழாது. இதை நான் வாசித்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு நிமிடம் அந்த இழுப்பை மாறாமல் பிடித்துவைப்பதற்குள் தோள்பட்டை கெட்டிப்பட்டுவிடுகிறது.

கல்வெட்டு

எல்லோரும் கொண்டாடுகிறீர்கள். நான் மாற்றுக் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆல்பத்துக்குக் கிடைத்த பாராட்டு அதிகம்.

ஷேக்ஸ் குழுவின் ‘ஹோல்ட் ஆன்’ பாட்டை முதல்முறை கேட்டபோது அந்தக் குரல் என்னை உலுக்கியது. ‘டோன்ட் வான்னா ஃபைட்’ தொடங்கும்போது அடித்தொண்டையிலிருந்து ஒரு கீச்சு வருமே, அதற்காகவே அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். ‘ஜேமி’யில் அந்தக் குரல் எங்கே? பாதிப் பாடல்களில் மெல்லிய உச்சக்குரலில் முனகுகிறார், அல்லது கருவிகளுக்குள் குரலை நசுக்கிவைக்கிறார். ‘டுமாரோ’ எங்கே போகிறது என்று முடிவெடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. ‘பிரெசென்ஸ்’ஐ நான் கேட்டு முடித்த அடுத்த நிமிடம் மறந்துவிடுகிறேன். ‘தர்ட்டீன்த் செஞ்சுரி மெட்டல்’ பாட்டே இல்லை, மேடைப் பேச்சு. நாமெல்லாம் சகோதர சகோதரிகள் என்று திரும்பத் திரும்பச் சொல்வதை வேறு யாராவது செய்திருந்தால் விமர்சகர்கள் கிழித்திருப்பார்கள்.

இதையெல்லாம் எழுதத் தயங்கினார்கள் என்பது என் எண்ணம். அக்காவின் பெயர் அட்டையில் இருக்கும்போது எந்த விமர்சகருக்கு இரண்டு பாட்டு சுமார் என்று எழுத மனம் வரும்? வானொலி சொல்லும் குறையை நானும் சொல்கிறேன், நேர் எதிர்த் திசையிலிருந்து. வாழ்க்கைக் கதை அந்த ஆல்பத்துக்குக் கேடயமாகிவிட்டது.

பனையடி

தேவாலயத்தில் வளர்ந்தவள் என்ற முறையில் ‘ஹீ லவ்ஸ் மி’ பற்றிக் கொஞ்சம்.

பாட்டின் பொருள் எளிது. நான் இப்போதெல்லாம் கோயிலுக்குப் போவதில்லை, குடிக்கிறேன், புகைக்கிறேன், ஆனாலும் அவர் என்னை நேசிக்கிறார். நடுவில் ஒரு போதகரின் உண்மையான பிரசங்கத் துணுக்கு வருகிறது. பல விமர்சனங்கள் இதைச் சமயத்தை விட்டு விலகியவரின் பாட்டு என்று ஒரு வரியில் தாண்டிப்போனதைப் படித்தபோது மனம் வருந்தினேன். விலகியவர் ஏன் போதகரின் குரலைத் தன் பாட்டுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும்? கேலிக்காக வைத்திருந்தால் சுற்றியுள்ள இசையில் அது தெரிந்திருக்கும். அப்படி எதுவும் இல்லை. கிட்டார் அந்தப் பிரசங்கத்தோடு சேர்ந்து எழும்புகிறது, சபையார் ஆமென் சொல்லும் இடத்தில் டிரம்ஸ் பதில் சொல்கிறது. ஆலயத்தை விட்டு வெளியே வந்தவள் ஆராதனையின் அமைப்பை அப்படியே கையோடு எடுத்துவந்திருக்கிறாள். அந்தப் பாட்டைக் கேட்டு நான் அழுதிருக்கிறேன், துக்கத்தால் இல்லை.

கல்வெட்டு ஐயா, ‘தர்ட்டீன்த் செஞ்சுரி மெட்டல்’ மேடைப் பேச்சு என்கிறீர்கள். எனக்கு அதுவும் பிரசங்கமாகவே கேட்கிறது. பிரசங்கத்தில் ஒரே வாக்கியத்தைப் பத்து முறை சொல்வது வழக்கம். முதல் முறை தகவல். ஐந்தாம் முறைக்குப் பிறகு சொல்கிறவர் தன்னைத்தானே நம்பவைத்துக்கொள்ளப் போராடுவது தெரியும். அவர் குரல் கரகரத்து, ஒலிபெருக்கி கிழிந்தது போல வருவதைக் கவனியுங்கள். சமாதானம் பேசுகிறவர் சமாதானமாக இல்லை.

நள்ளிரவு வானொலி

பனையடி அக்கா, இதற்காகத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். நன்றி.

கல்வெட்டு, குரல் எங்கே என்று கேட்டீர்கள். அந்த முழக்கத்தை அவர் தொலைத்துவிடவில்லை, மறுத்திருக்கிறார். ‘பாய்ஸ் அண்ட் கேர்ள்ஸ்’ வந்தபோது எழுதியவர்கள் எல்லோரும் அவரை அறுபதுகளின் பாடகர்களான ஜானிஸ் ஜோப்ளினோடும் ஓட்டிஸ் ரெடிங்கோடும் ஒப்பிட்டார்கள். கறுப்பினத் தேவாலயப் பாட்டில் வேர்விட்ட பழைய சோல் இசையை மீட்டெடுக்க வந்தவர் என்று ஒரு பட்டத்தைக் கட்டிவிட்டார்கள். இருபத்துமூன்று வயதுப் பெண்ணுக்கு அறுபதுகளின் இசையை அடைகாக்கும் வேலையைக் கொடுத்தார்கள். ‘சவுண்ட் அண்ட் கலர்’ அதை உதறப் பார்த்தது. ‘ஜேமி’ முழுதாக உதறிவிட்டது. கத்தினால் கைதட்டுவார்கள் என்று நன்றாகத் தெரிந்த ஒருவர் கத்தாமல் பாடுவதற்குத் துணிச்சல் வேண்டும்.

‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’ ஒன்று போதும் இதற்கு. ஒரு கிட்டார், ஒரு குரல், பின்னால் ஒலிநாடாவின் மெல்லிய இரைச்சல். குரலை ஓரிடத்தில் ஏற்றப்போகிறார் என்று நாம் எதிர்பார்க்கும்போது இறக்கிவிடுகிறார். காதல் ஆரம்பிக்கும்போதே அதன் முடிவையும் யோசித்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் பாட்டு அது. அங்கே முழங்கினால் பொய்யாகிவிடும்.

கேடயம் பற்றிய உங்கள் கருத்து மட்டும் என்னை யோசிக்கவைக்கிறது. வாழ்க்கையை மட்டும் எழுதுகிற விமர்சகரால் குறையையும் சொல்ல முடியாமல் போகிறது என்பது சரிதான். ‘பிரெசென்ஸ்’ எனக்கும் பெரிதாகப் பிடிக்காது.

சாம்பல் நிலா

இவ்வளவு பேசியவர்கள் கிராமி விருதைப் பற்றி யாரும் பேசவில்லையே. இந்த ஆல்பத்தை வைத்துக்கொண்டு அமெரிக்க இசை உலகம் எப்படித் திண்டாடியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

2021 மார்ச் மாதம் நடந்த விழாவில் ‘ஜேமி’யும் அதன் பாடல்களும் பெற்ற பரிந்துரைகள் இவை. ஆல்பம், ஆல்டர்னேட்டிவ் பிரிவில். ‘ஸ்டே ஹை’, ராக் பிரிவில் இரண்டு. ‘கோட் ஹெட்’, ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) பிரிவில். ‘ஷார்ட் அண்ட் ஸ்வீட்’, நாட்டுப்புற மரபிலிருந்து வரும் அமெரிக்க வேரிசைப் பிரிவில். ஒரே ஆல்பம், ஒரே பாடகி, நான்கு வெவ்வேறு அறைகள்! ‘ஸ்டே ஹை’ சிறந்த ராக் பாடலுக்கான விருதையும் வாங்கியது. அந்தப் பாட்டில் ராக் எங்கே இருக்கிறது? சிறு மணிகளைப் போல ஒலிக்கும் கீபோர்டு, மென்மையான கிட்டார், தாலாட்டுப் போன்ற நடை. வேலை முடிந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்து மகிழ்ந்திருக்க வேண்டும் என்று பாடுகிறது. அதன் காணொளியில் நடிகர் டெர்ரி க்ரூஸ் ஆலைத் தொழிலாளியாக அலபாமா வீதிகளில் காரோட்டிக்கொண்டே பாடி நடிப்பார். அருமையான பாட்டு. ராக் என்று அதற்குப் பெயர் வைத்ததற்கு, அவர் முன்பு ராக் குழுவில் இருந்தார் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குப் புலப்படவில்லை.

விமர்சகர்களும் இதையே செய்தார்கள். இது சோலா, ஃபங்க்கா, ஹிப்ஹாப்பா, ஜாஸா என்று பட்டியல் போட்டு, வகைகளைக் கடந்தது என்று எழுதி முடித்தார்கள். கறுப்பினப் பெண் கிட்டாரைத் தூக்கினால் முதல் கேள்வி, இவரை எங்கே நிறுத்துவது என்பதாகவே இருக்கிறது. ராக் இசையின் அடித்தளத்திலேயே கறுப்பினப் பாடகி சிஸ்டர் ரொசெட்டா தார்ப் கையில் கிட்டாரோடு நிற்கிறார். 2018இல் அவரை ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் சேர்த்தபோது அந்த மேடையில் அவர் பாட்டைப் பாடியவர் ஹோவர்டுதான். அதற்கு அடுத்த ஆண்டே ‘ஜேமி’ வந்தது. இந்தத் தொடர்பை எழுதியவர்கள் மிகக் குறைவு.

கல்வெட்டு

ஒரு திருத்தம், நிலா. கிராமியில் எந்தப் பாட்டு எந்தப் பிரிவுக்கு என்பதை முதலில் முன்வைப்பது இசை நிறுவனத்தார். அதன் பிறகே விருது வழங்கும் அகாதெமியின் குழுக்கள் அது பொருந்துகிறதா என்று பார்க்கின்றன. நான்கு அறைகளில் பிரித்துவைத்ததில் அவருடைய சொந்தத் தரப்புக்கும் பங்கு உண்டு. விருதுக்கான வாய்ப்பைக் கூட்டும் வழக்கமான உத்தி அது. திண்டாட்டம் என்று மட்டும் சொல்ல முடியாது.

சாம்பல் நிலா

நிறுவனம் முன்வைக்கலாம். நான்கையும் ஏற்று, நான்கு பிரிவுகளிலும் வாக்களித்துப் பரிந்துரைத்தவர்கள் இசைத் துறையினர். அந்த நான்கிலும் அவர்கள் காதுக்கு அது பொருந்தியிருக்கிறது. என் வாதம் அதனால் குறையவில்லை.

எழில்வேந்தன்

இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன், அருமை. ராக் இசை எனக்குப் பழக்கமில்லை. இந்த ஆல்பத்தை எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று யாராவது சொல்ல முடியுமா?

தாளக்கட்டு

தம்பி, ‘ஸ்டே ஹை’யில் தொடங்குங்கள், அது யாரையும் விலக்காது. அடுத்து ‘ஜார்ஜியா’. தன்னைவிட மூத்த பெண் ஒருத்தியின் மேல் சிறுமி ஒருத்திக்கு வரும் ஈர்ப்பு. டிரம்ஸும் ஒரு தயங்கும் குரலுமாக ஆரம்பிக்கும். முடிவில் ஆர்கன் ஒலி வெள்ளமாக வந்து நிரப்பிவிடும். அந்தச் சிறுமியால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை ஆர்கன் சொல்லிவிடுகிறது. இந்த இரண்டும் பிடித்திருந்தால் ஆல்பத்தை முதலிலிருந்து வரிசையாகக் கேளுங்கள். 35 நிமிடம்தான். பாடல்களை மாற்றிப்போட்டுக் கேட்க வேண்டாம். ‘தர்ட்டீன்த் செஞ்சுரி மெட்டல்’ இரைச்சல் ஓய்ந்த உடனே ‘பேபி’ தொடங்கும் இடம் மாற்றிப்போட்டால் கிடைக்காது.

நெய்தல்

வானொலி அண்ணாவுக்கு மறுபடியும் ஒரு பதில். இரண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

‘கோட் ஹெட்’ பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கேட்கும் விமர்சனம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிப் பார்த்தேன். அந்தப் பாட்டில் கோபமான ஒலி ஒன்றுகூட இல்லை. பியானோ சோம்பலாக, ஞாயிறு மதியம் போலச் சுற்றிச்சுற்றி வருகிறது. ஆரம்பத்தில் நிறங்களைப் பற்றிக் குழந்தைத்தனமான பேச்சு. அதிலிருந்து மெல்லத் தன் நிறத்துக்கு வருகிறார். பிறகு கார், ஆட்டுத் தலை. அதைச் சொல்லும்போதும் பியானோ மாறுவதில்லை, தாளம் வேகமெடுப்பதில்லை. சின்னப் பெண்ணாக இருந்தபோது வீட்டில் யாரோ சொல்லக் கேட்ட செய்தியை அதே தொனியில் சொல்கிறார். கேட்கிற எனக்குத்தான் கை நடுங்குகிறது.

பாருங்கள், இசையைப் பற்றி மட்டும் எழுதத் தொடங்கினேன். ஐந்தாவது வாக்கியத்திலேயே அவர் வாழ்க்கைக்குள் வந்துவிட்டேன். இரண்டையும் பிரிக்க வேண்டும் என்று கேட்டீர்களானால் நான் உடன்பட மாட்டேன். வாழ்க்கையைச் சொல்லிவிட்டு, அது அந்தப் பியானோவுக்கு என்ன செய்தது என்று சொல்லாமல் நிறுத்திவிடுவதுதான் உங்கள் குறை என்றால், உங்கள் பக்கம் நிற்கிறேன்.

நள்ளிரவு வானொலி

அதேதான் என் குறை, தங்கையே. நான் எழுதியதைவிட நீங்கள் நன்றாக எழுதிவிட்டீர்கள்.

இன்னொரு சான்றும் இருக்கிறது. 2021இல் ‘ஜேமி ரீஇமாஜின்ட்’ என்று இதே பாடல்களை மற்றவர்கள் மாற்றியமைத்த தொகுப்பு வந்தது. ‘ஸ்டே ஹை’யைச் சைல்டிஷ் காம்பினோ பாடினார், ‘கோட் ஹெட்’டை எர்த்கேங் எடுத்துக்கொண்டார்கள், ‘தர்ட்டீன்த் செஞ்சுரி மெட்டல்’ மைக்கேல் கிவானுகாவுக்கு. நல்ல கலைஞர்கள், நல்ல முயற்சி. பாட்டின் வரிகளும் கதையும் அப்படியே இருக்கின்றன. மூலத்தில் உள்ள நெருக்கம் மட்டும் வரவில்லை. ‘ஹிஸ்டரி ரிப்பீட்ஸ்’ பற்றித் தாளக்கட்டு சொன்ன ஈரமில்லாத டிரம்ஸ், நீங்கள் சொன்ன மாறாத பியானோ, இவற்றை எடுத்துவிட்டால் கதை இருக்கிறது, ‘ஜேமி’ இல்லை. தயாரிப்பாளர் ஹோவர்டு செய்த வேலை எவ்வளவு என்பதை அந்தத் தொகுப்பே காட்டிக்கொடுக்கிறது.

கல்வெட்டு

2024 பிப்ரவரியில் வந்த ஹோவர்டின் அடுத்த தனி ஆல்பமான ‘வாட் நவ்’வையும் சேர்த்துப் பேச வேண்டும். அதில் அட்டையில் அக்காவின் பெயர் இல்லை. பாட்டுக்குப் பாட்டு நடுவே படிகக் கிண்ணங்களின் ரீங்காரம், ‘ப்ரூவ் இட் டு யூ’வில் நடன அரங்கத் தாளம் என்று ஒலியே முன்னால் நிற்கிறது. டிரம்ஸில் மறுபடியும் நேட் ஸ்மித். நான் படித்த விமர்சனங்களும் இம்முறை ஒலியைப் பற்றித்தான் அதிகம் பேசின. அந்த ஆல்பத்தில் அவர் குரலை நினைத்த இடத்தில் திறந்தும் விடுகிறார், எனக்கு ‘ஜேமி’யைவிட அது ஒரு படி மேல். இதற்கு யாராவது மறுப்புச் சொல்வதானால் தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

பனையடி

மறுப்பு இருக்கிறது, ஐயா. ‘வாட் நவ்’வில் ‘ஹீ லவ்ஸ் மி’ போல ஒரு பாட்டைக் காட்டுங்கள், பிறகு படிகளை எண்ணலாம். நாளை மாலை இழை தொடங்குகிறேன்.